கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் எழுதச் சொல்றாங்க: எங்கருந்து ஆரம்பிக்கறது?

ஏரிக்கரை | 4 நவம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். நான் செய்யாறு பக்கம் ஒரு ஊராட்சியில மகளிர் குழுக் கூட்டமைப்புக்குக் கணக்கு எழுதறேன். இந்த வருஷமும் கூட்டமைப்பு சார்பா கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் தயார் பண்ணிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. அதை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோட சேர்ப்பாங்களாம். ஒவ்வொரு குழுவா உக்கார வெச்சு என்ன வேணும்னு கேட்டு, போன்ல இருக்கற செயலியில ஏத்தணும்.

போன வருஷம் நாலு நாள்ல முடிச்சேன். கறவை மாடு, தையல் மெஷின், குழு லோன், கழிப்பறை. எல்லாக் குழுவும் கிட்டத்தட்ட ஒரே பதில். ஏத்திட்டேன், "சமர்ப்பிக்கப்பட்டது"ன்னு பச்சை நிறத்துல வந்துது. அவ்ளோதான்.

இந்தத் தடவை மனசு ஒப்பலை. காரணம், அக்டோபர் 11 கிராம சபை. ஊருக்கு மூணு முக்கியத் தேவை சொல்லுங்கன்னாங்க. எங்க ஊர்ல வந்தது: சிமெண்ட் ரோடு, உயர் கோபுர விளக்கு, சுடுகாட்டுப் பாதை. மூணும் தேவைதான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஏரிக்கரை மேல பதினோரு இருளர் பழங்குடிக் குடும்பம் இருக்கு. அன்னைக்கு அவங்கள்ல ஒருத்தர் கூட வரலை. அவங்க யாரும் எந்தக் குழுவிலயும் இல்லை, அதனால என் செயலியிலயும் இல்லை. அப்ப நான் எழுதறது யாரோட வறுமை?

தெரிஞ்சவங்க சொல்லுங்க. தீபம் முடிஞ்சா அவங்க செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள ஏதாவது செய்யணும்.

---

தெற்குத்தெரு | 4 நவம்பர்

ரேஷன் அரிசி சும்மா, பஸ் சும்மா, மாசம் ஆயிரம் ரூபா. இன்னும் என்னங்க வறுமை? வேலைக்கு ஆள் கூப்பிட்டா வர மாட்டேங்கறான்.

---

மண்வெட்டி | 4 நவம்பர்

தெற்குத்தெரு, அந்தப் பதினோரு குடும்பத்துல எத்தனை பேருக்கு ரேஷன் கார்டு இருக்குன்னு ஏரிக்கரை சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்.

ஏரிக்கரைக்கு: உங்க அக்கறை புரியுது தோழர். ஆனா எனக்கு இந்தத் "திட்டம் எழுதற" வேலை மேலயே நம்பிக்கை போச்சு. ஐஆர்டிபி (ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம்) காலத்துல எங்க அப்பாவுக்கு ஒரு மாடு கொடுத்தாங்க. அதே மாட்டை எங்க தெருவுல மூணு பேர் வீட்டு வாசல்ல கட்டி போட்டோ எடுத்தாங்க. மாடு செத்தா காதை அறுத்துக்கிட்டு வா, காதுல போட்ட வில்லையைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்னு சொன்னாங்க. அப்புறம் 1997-ல வறுமைக் கோட்டுப் பட்டியல், 2002-ல இன்னொரு பட்டியல், 2011-ல சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு. ஏழையை எண்ணறதே ஒரு துறையாப் போச்சு.

இப்ப நிதி ஆயோக் கணக்குல தமிழ்நாட்டுல பல பரிமாண வறுமை 2.20 சதவீதம். நூத்துக்கு ரெண்டு பேர். அந்தக் கணக்குல குழந்தை பள்ளிக்கூடம் போகுதா, கரண்ட் இருக்கா, பேங்க் கணக்கு இருக்கான்னு பாக்கறாங்க. திங்கக்கிழமை திங்கக்கிழமை மைக்ரோ ஃபைனான்ஸ்காரன் வாசல்ல வந்து உக்காரறானே, அதுக்கு அந்தக் கணக்குல கட்டம் கிடையாது.

கூலி, நிலம், கடன். இந்த மூணுல கை வைக்காத எந்த உள்ளூர்த் திட்டமும் காகிதம்தான். நூறு நாள் வேலைக்கு 2025-26-க்கு அறிவிச்ச கூலி 336 ரூபா. எத்தனை ஊர்ல முழுசாக் கையில வருதுன்னு கேட்டுப் பாருங்க.

---

ஏரிக்கரை | 4 நவம்பர்

கார்டு: பதினொண்ணுல ஆறு. ஆதார் எல்லாருக்கும் இருக்குன்னு நெனச்சிருந்தேன், பெரியவங்கள்ல ஒன்பது பேருக்கு இல்லை. அதனால வேலை அட்டையும் இல்லை. ஆதாரோட சேர்த்த கணக்குலதானே இப்ப நூறு நாள் கூலியே ஏறுது.

தெற்குத்தெரு அண்ணா, நீங்க கூப்பிட்டு வராத ஆள் இவங்க இல்லை. இவங்களைக் கூப்பிடறவர் முன்பணத்தோட வருவார்.

---

பழைய_விபிஆர்சி | 5 நவம்பர்

அம்மா ஏரிக்கரை, உங்க கேள்வியைப் பார்த்ததும் பழைய நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

புதுவாழ்வுத் திட்டம் 2005-ல ஆரம்பிச்சது. உலக வங்கிக் கடன். முதல்ல 15 மாவட்டம், அப்புறம் விரிஞ்சது. நான் அதுல ஒருங்கிணைப்பாளரா ஏழெட்டு ஊராட்சி பார்த்தேன். ஊருக்கு ஊர் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம்னு ஒண்ணு அமைச்சோம், எல்லாரும் விபிஆர்சின்னே சொல்வாங்க. பணம் நேரா அந்தச் சங்கத்தோட கணக்குக்கு வரும். ஆனா பணம் வர்றதுக்கு முன்னாடி மக்கள் நிலை ஆய்வு முடிஞ்சிருக்கணும். யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் நடுத்தரம், யார் வசதின்னு ஊரே உக்காந்து பிரிக்கறது. அதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை.

எப்படிப் பண்ணுவோம்னா, தெருவுல கோலமாவு, செங்கல் பொடி, கரித்தூள் வெச்சு ஊர்ப் படம் வரைவோம். வீட்டுக்கு ஒரு அட்டை. பயிற்சியில ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் போன முதல் ஊர்ல பிள்ளையார் கோயில் முன்னாடி காலையில ஏழு மணிக்கு உக்காந்தோம். பொம்பளைங்க எல்லாம் அழகா வரைஞ்சாங்க. ஓவர்ஹெட் டேங்க், பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், மேலத்தெரு, கீழத்தெரு. வரைஞ்சுக்கிட்டே வந்து ஓடை கிட்ட நிறுத்திட்டாங்க. "ஓடைக்கு அந்தப் பக்கம்?"னு கேட்டேன். "அது காலனிங்க, ஊர் இதோட முடிஞ்சுது"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லலை. நம்ம பேச்சே அப்படித்தான, ஊர் வேற, காலனி வேற. காலனிக்காரங்க நாலஞ்சு பேர் வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. யாரும் உக்காரலை.

நான் படத்தை அழிச்சேன். அன்னைக்கு என் மேல ஊருக்கே கோபம். மறுநாள் காலனியில ஆரம்பிச்சு வரைஞ்சோம். கோயில் கடைசியில வந்துது. அப்ப வந்த பட்டியலும் முதல் நாள் பட்டியலும் வேற வேற. முதல் நாள் "மிகவும் ஏழை"யில வந்தவங்கள்ல பாதிப் பேர் மறுநாள் "ஏழை"க்குப் போனாங்க, மேல இருக்கற யாரும் கேள்விப்படாத பேர் எல்லாம் கீழ வந்துது.

அதனால என் முதல் யோசனை: படத்தை ஏரிக்கரையில ஆரம்பிங்க. அங்க உக்காந்து வரையுங்க. குழுப் பொம்பளைங்களை அங்க கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்களை இங்க கூப்பிடாதீங்க, வந்தாலும் நிப்பாங்க, பேச மாட்டாங்க.

ரெண்டாவது விஷயம், யாரும் சொல்லித் தராதது. பட்டியலைக் கிராம சபையில வாசிச்சு ஒப்புதல் வாங்கணும்னு விதி. நல்ல விதி, வாசிச்சாத்தான் களவு போகாது. ஒரு ஊர்ல வாசிச்சப்ப ஒரு மனுஷன் எழுந்து அடிக்க வந்துட்டார். "எவன்டா என் பேரை மிகவும் ஏழையில போட்டது?" பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டு இருந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்து ஊர், சேதி சாயங்காலத்துக்குள்ள போயிடும். பேரை எடுத்துட்டேன். அந்தக் குடும்பத்துக்கு அப்புறம் ஒண்ணும் கிடைக்கலை. அதுக்கப்புறம் சபையில வாசிக்கறதுக்கு முன்னாடி வீடு வீடாப் போய், "உங்க பேர் இதுல இருக்கு, நாளைக்கு வாசிக்கப் போறோம்"னு சொல்லிட்டு வர்றதை வழக்கமா வெச்சுக்கிட்டேன். ஒரு நாள் கூடுதல் வேலை.

சங்கத்துக்குள்ள மாற்றுத்திறனாளி ஒருத்தர் இருந்தே ஆகணும்ங்கற விதியும் இருந்துச்சு. அதைக் கிண்டல் பண்ணாதவங்க இல்லை. எங்க ஊராட்சி ஒண்ணுல அப்படி வந்த ஒரு தம்பிதான் கணக்கை விடாமப் பிடிச்சார், தலைவர் உட்பட யாரையும் கேள்வி கேட்பார். அப்புறம் வந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டம் தொழில், வியாபாரம் பக்கம் போயிடுச்சு. தப்பில்லை. ஆனா கடை வைக்கற நிலைமையில இருக்கறவங்களுக்குத்தான் அது எட்டும்.

---

மண்வெட்டி | 5 நவம்பர்

ஐயா, ஓடைக் கதை ஒண்ணுக்காகவே இந்த இழை போதும். ஆனா கேக்கறேன்: அந்தப் பட்டியல் இப்ப எங்க இருக்கு?

---

பழைய_விபிஆர்சி | 5 நவம்பர்

ஊராட்சி அலுவலக பீரோவுல இருந்துச்சு. அப்புறம் பீரோ மாறுச்சு.

---

எழுத்தர்_ஒருவர் | 6 நவம்பர்

நான் ஒரு ஊராட்சி செயலர். மாவட்டம் சொல்ல மாட்டேன்.

பீரோ மாறுனதுக்கு எங்களைத் திட்டாதீங்க, எங்களுக்கும் ஆளே மாறிப் போச்சு. 28 மாவட்டத்துல தலைவர்கள் பதவிக்காலம் ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சுது. அதுலருந்து தனி அலுவலர். பி.டி.ஓ. ஒருத்தர், ஒன்றியத்துல இருக்கற மொத்த ஊராட்சிக்கும் அவரே. அவர் மோசமானவர்னு சொல்லலை, அவருக்கு எங்க ஊர் ஏரிக்கரை எங்க இருக்குன்னு தெரியாது. இதுக்கு முன்னாடி 2016-லருந்து 2019 வரைக்கும் இதே கதைதான். தலைவர் இருந்தா திட்டவாவது ஒரு ஆள் இருக்கும்.

பணத்தைப் பத்தி ஒரு விளக்கம், ஏன்னா வெளியில இருக்கறவங்க ஊராட்சியில கொட்டிக் கிடக்குதுன்னு நினைக்கறாங்க. மத்திய அரசோட 15-ஆவது நிதிக்குழு மானியத்துல (2021-26) 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்குன்னு கட்டுண்டது. மீதி 40 சதவீதம் கட்டு இல்லாத நிதி, அதுலயும் சம்பளம், அலுவலகச் செலவு எடுக்கக் கூடாது. அதுல தெருவிளக்கு ரிப்பேர், மோட்டார் காயில் கட்டறது, சிமெண்ட் ரோடு. "வறுமை"ன்னு தனியா ஒரு தலைப்புல செலவு எழுதினா தணிக்கையில என்னைக் கேப்பாங்க. அரசியல் சாசனம் பதினொண்ணாவது அட்டவணையில 29 பொருள் இருக்கு, 16-ஆவது வறுமை ஒழிப்பு. பரீட்சைக்குப் படிச்சேன். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல ஒன்பது கருப்பொருள், முதலாவதே வறுமையில்லாத ஊர்தான். படிவத்துல அந்தக் கட்டத்தை நிரப்பாம மேல போக விடாது. அதனால எல்லாரும் நிரப்பறோம்.

ஆனா ஏரிக்கரை மேடம், ஒண்ணு சொல்றேன். உங்க பதினோரு குடும்பத்துக்குத் தேவையானதுல பெரும்பாலானதுக்கு ஊராட்சிப் பணமே வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை 1,200, வேலை அட்டை, சாதிச் சான்று, பட்டா. ஒண்ணுக்கும் எங்க நிதியிலருந்து பைசா போகாது. வேற வேற அலுவலகத்து வாசல்ல யாராவது நிக்கணும், அவ்வளவுதான். அந்த நிக்கற ஆளுக்கு எந்தத் திட்டத்துலயும் சம்பளம் இல்லை.

---

சித்தூர்க்காரி | 6 நவம்பர்

வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர். வீட்டுல தமிழ், வெளியில மலையாளம். கேரள அரசோட மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயில ரொம்ப நாளா இருக்கேன், இப்ப எங்க ஏ.டி.எஸ்.ல (வார்டு அளவுக் குழு) இருக்கேன்.

எழுத்தர் சார் சொன்ன "நிக்கற ஆள்" விஷயம்தான் இங்க நடந்தது. நவம்பர் 1-ஆம் தேதி கேரளத்தை அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம்னு முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவிச்சதைப் பார்த்திருப்பீங்க. அறிவிப்பைப் பத்தி அப்புறம் சொல்றேன், செஞ்ச முறையை மட்டும் சொல்றேன்.

2021-ல முடிவெடுத்தாங்க. வார்டு வார்டா விசாரிச்சோம். வருமானம் எவ்வளவுன்னு கேக்கலை. சாப்பாடு, உடம்பு, வருமானம், தங்கற இடம், இந்த நாலுல எது இல்லைன்னு பார்த்தோம். கிராம சபையில வெச்சு ஒத்துக்கிட்ட பட்டியல் மாநிலம் முழுக்க 64,006 குடும்பம். அப்புறம்தான் முக்கியமானது: ஊருக்கு ஒரு திட்டம் எழுதலை, குடும்பத்துக்கு ஒரு திட்டம். மைக்ரோ பிளான்னு சொல்வோம். எங்க வார்டுல நாலு குடும்பம், நாலு தாள்.

ஒரு தாள்ல என்ன இருந்துச்சு தெரியுமா? தனியா இருந்த ஒரு தாத்தா. அரிசி வாங்கிக் கொடுத்தா பிரயோஜனமில்லை, சமைக்க முடியாது, கை நடுக்கம். அதனால தாள்ல எழுதினது: தினம் மத்தியானம் சமைச்ச சாப்பாடு, மாசம் ஒரு தடவை பாலியேட்டிவ் நர்ஸ். ரெண்டே வரி. தையல் மெஷினும் இல்லை, கறவை மாடும் இல்லை.

இது புதுசும் இல்லை. குடும்பஸ்ரீ 1998-ல வர்றதுக்கு முன்னாடியே ஆலப்புழையில பொண்ணுங்க ஒன்பது கேள்வி வெச்சு ஏழைக் குடும்பம் கண்டுபிடிச்சாங்க. ஓலை வீடா, நல்ல தண்ணி கிடைக்கலையா, கக்கூஸ் இல்லையா, படிக்காத பெரியவங்க உண்டா, சம்பாதிக்கறது ஒருத்தருக்கு மேல இல்லையா, ரெண்டு வேளைதானா, அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை, குடிக்கற ஆள், எஸ்.சி./எஸ்.டி.யா. நாலுக்கு "ஆமா" வந்தா அந்த வீடு பட்டியல்ல. அக்கம்பக்கத்துல இருக்கறவங்களே பதில் தெரிஞ்சவங்க, ஏமாத்த முடியாது. குடிக்கற ஆள் இருக்கானான்னு எந்த சர்க்கார் படிவம் கேக்கும்? பொம்பளைங்க எழுதினதால அந்தக் கேள்வி வந்துது.

---

மண்வெட்டி | 6 நவம்பர்

சித்தூர்க்காரி, எல்லாம் சரி. ஆனா அறிவிப்பு வந்த அன்னைக்கே பொருளாதாரம் படிச்சவங்க பலர் எந்தக் கணக்குன்னு கேட்டாங்களே. அங்க ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் மதிப்பூதியம் பத்தலைன்னு மாசக்கணக்காத் தலைமைச் செயலகம் முன்னாடி உக்காந்திருந்தாங்களே.

---

சித்தூர்க்காரி | 7 நவம்பர்

கேட்டாங்க, கேக்கறது நியாயம். நானே கேக்கறேன். அந்த 64,006-ல கடைசியில உதவி போய்ச் சேர்ந்தது 59,277 குடும்பம்னு சொன்னாங்க. மிச்சத்துல 4,421 ஒத்தை ஆள் குடும்பம், அந்த ஆளே இறந்துட்டார். பட்டியல்ல ஏறினதுக்கும் அறிவிப்புக்கும் நடுவுல நாலு வருஷம், அதுல இத்தனை பேர். நான் சொன்ன அந்தத் தாத்தாவும் அதுல ஒருத்தர். சோறு கடைசி வரைக்கும் போச்சு, அதை மட்டும் சொல்லிக்கறேன்.

இன்னொரு 261 குடும்பம் ஊர் ஊராத் திரியறவங்க, கண்டுபிடிக்க முடியலைன்னு எடுத்துட்டாங்க. உங்க ஏரிக்கரைக் குடும்பங்களைப் பத்திப் படிச்சப்ப எனக்கு இந்த 261-தான் ஞாபகம் வந்துது. "வறுமை இல்லாத"ன்னு பலகை வெச்சா நாளைக்குப் புதுசா வர்ற குடும்பத்துக்கு எந்தப் பட்டியல்ங்கற பயமும் இருக்கு. தாள் எழுதின முறை நல்லது, பலகை அவ்வளவு தேவையில்லை. இது என் சொந்தக் கருத்து, எங்க சி.டி.எஸ். (குடும்பஸ்ரீயோட பஞ்சாயத்து அளவு அமைப்பு) கருத்து இல்லை!

---

லயத்துக்காரன் | 8 நவம்பர்

இலங்கை ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பட்டியல் என்ற சொல்லைக் கண்டதும் வாய் மூடி இருக்க முடியவில்லை.

எங்கள் நாட்டில் வறியவர்களுக்கான அரசு உதவித் திட்டம் முதலில் ஜனசவிய, பிறகு 1995 முதல் சமுர்த்தி. சமுர்த்தியில் அரசியல்வாதியின் ஆட்கள் பெயர் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதை நீக்கத்தான் 2023-இல் அஸ்வெசும வந்தது. 22 அளவுகோல், நான்கு வகுப்பு. மிகவும் வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய், 2025-இல் 17,500 ஆனது. மனிதக் கை படாமல் கணினியே புள்ளி போடும் என்றார்கள்.

கணினிக்குத் தேயிலைத் தோட்டம் தெரியாது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) சுவர் உண்டு, கூரை உண்டு, பைப் உண்டு. ஒரே காம்பராவுக்குள் (அறைக்குள்) மூன்று குடும்பம் இருப்பதைக் கேள்வியில் எப்படிச் சொல்வது? எங்கள் டிவிஷனில் நாங்கள் விடுபட்டுப் போன இடம் அதுதான். பட்டியலைப் பிரதேச செயலகத்தில் ஒட்டினார்கள். விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம், அதுபோல் பெயர் வந்தவரைப் பற்றி இன்னொருவர் ஆட்சேபனையும் கொடுக்கலாம். பக்கத்துக் காம்பராவில் உள்ளவர் மீது ஆட்சேபனை எழுதிக் கொடுத்த ஆட்களை எனக்குத் தெரியும். தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்ட வீடுகள். இப்போது பேச்சு இல்லை.

ஐயா பழைய விபிஆர்சி சொன்ன கோலமாவு முறையில் சண்டை கூட்டத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. எங்கள் முறையில் சண்டை கடிதத்தில் நடக்கிறது, முடிவதே இல்லை. இரண்டிலும் சண்டை உண்டு, தங்கச்சி. எது வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

தெற்குத்தெரு | 8 நவம்பர்

நான் முதல்ல போட்ட பதிவுக்கு யாரும் சரியாத் திட்டலை, ஆச்சரியமா இருக்கு.

ஒரு சந்தேகம். மிகவும் ஏழைக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கத் தாயுமானவர் திட்டம்னு சொன்னாங்களே, இப்ப அந்தப் பேர்ல வீட்டுக்கே ரேஷன் கொண்டு வந்து தர்றாங்களே, அதுதானே இது? 70 வயசு தாண்டினதால எங்க பெரியம்மாவுக்கு வருது.

---

எழுத்தர்_ஒருவர் | 8 நவம்பர்

ரெண்டும் வேற. 2024 பட்ஜெட்ல முதல்வரின் தாயுமானவர்னு அறிவிச்சது, மிகவும் வறிய ஐந்து லட்சம் குடும்பத்தைக் கண்டுபிடிச்சுக் கைதூக்கி விடறதுக்கு. இந்த ஆகஸ்ட்ல வந்தது 70 வயசு தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கு ரேஷன் பொருள். ஒரே பேர் வெச்சதால மனு கொண்டு வர்றவங்களுக்கு விளக்கியே எனக்குப் பாதி நாள் போகுது.

---

ஏரிக்கரை | 15 நவம்பர்

ஒரு வாரமா ஆள் இல்லைன்னு நினைச்சிருப்பீங்க. ஐயா சொன்னபடியே செஞ்சேன்.

முதல்ல குழுப் பொம்பளைங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போறதே பெரும்பாடு. பதினாலு குழுத் தலைவிங்கள்ல அஞ்சு பேர் வந்தாங்க. ஒருத்தர், "பாம்பு இருக்கும்"னார். அங்க குழந்தைங்க விளையாடிக்கிட்டு இருந்தது அவருக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. மாவு கொண்டு போயிருந்தேன், முந்தின நாள் மழையில தரை சேறு, படம் வரைய முடியலை. ஒரு குடிசைக்குள்ள பாய் மேல புளியங்கொட்டையை வெச்சு வரைஞ்சோம்.

அவங்க வரைஞ்ச படத்துல ஊரே இல்லை. ஏரி, மதகு, பட்டா நிலத்துக்காரர் ஒருத்தர் போர்வெல் (அங்கதான் குடிதண்ணி), சவுக்குத் தோப்பு, அப்புறம் ரொம்பத் தள்ளி ஒரு கொட்டை. அது என்னன்னு கேட்டேன். சூளையாம். பள்ளிக்கூடத்தை நான்தான் கேட்டுக் கேட்டு வைக்க வெச்சேன்.

சித்தூர் அக்கா சொன்ன மாதிரி குடும்பத்துக்கு ஒரு தாள் எழுதினேன். பதினோரு தாள். ஒண்ணுலயும் லோன் இல்லை. ஒரு தாள்ல "கல்பனா (பேர் மாத்தியிருக்கேன்), 9 வயசு, பள்ளிக்கூடத்துல பேர் இருக்கு, போறதில்லை, தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லை" அவ்ளோதான். அங்கன்வாடி டீச்சர்கிட்டப் பேசிட்டேன், தம்பியைச் சேர்த்துக்கறேன்னாங்க. இதுக்கு செயலியில எந்தத் தலைப்புல போடறதுன்னு தெரியலை. "சமூக மேம்பாடு"ன்னு போட்டிருக்கேன்.

அவங்கள்ல ஒரு பாட்டி கேட்டது: "போன தடவையும் ஒருத்தர் வந்து எழுதிக்கிட்டுப் போனார். அவர் நல்லா இருக்காரா?" கிண்டலா, நிஜமாவே விசாரிச்சாங்களான்னு இன்னும் புரியலை.

சாதிச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் போனோம், திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு என்ன வழின்னும் தெரியலை.

---

எழுத்தர்_ஒருவர் | 15 நவம்பர்

பழங்குடிச் சான்று தாசில்தார் தர மாட்டார், வருவாய்க் கோட்டாட்சியர்தான் தரணும். அண்ணன் தம்பி, சித்தப்பா வகையில யாருக்காவது ஏற்கெனவே சான்று இருந்தா அந்த நகல் வெச்சுக் கொடுங்க, விசாரணை சுலபமாகும்.

வீடு: தமிழ்நாட்டுல எளிதில் பாதிக்கப்படும் பழங்குடிகள்னு ஆறு பிரிவு, அதுல இருளர் உண்டு. 2023 நவம்பர்ல வந்த பி.எம். ஜன்மன்ல (அவங்களுக்கான மத்திய அரசுத் திட்டம்) வீடு வரும். சிக்கல் இடம்தான். ஏரிக்கரை நீர்நிலைப் புறம்போக்கு, அங்க பட்டா போட முடியாது, கோர்ட் உத்தரவு இருக்கு. ஊருக்குள்ள நத்தமோ, வேற தரிசோ பார்த்துக் கேக்கணும். அப்படிக் கேக்கறப்பதான் உங்க ஊர் உண்மையில எப்படிப்பட்ட ஊர்னு தெரியும். நான் பார்த்த வரைக்கும் "வீடு கொடுங்க, யார் வேண்டாம்னா, ஆனா அந்த இடத்துல வேண்டாம்"னுதான் தீர்மானம் வரும்.

---

மண்வெட்டி | 16 நவம்பர்

இங்கதான் நான் ஆரம்பத்துலருந்து சொன்னது வந்து நிக்குது. நிலம்.

ஆனா ஒண்ணை ஒத்துக்கறேன். பதினோரு தாள் இல்லாம இருந்திருந்தா "இருளர்களுக்கு நிலம் வேண்டும்"னு மனு போயிருக்கும், அந்த மனுவுக்கு ஒரு பதில் கடிதம் வந்திருக்கும். தாள் இருக்கறதால இன்ன குடும்பம், இத்தனை பேர், இன்ன சர்வே எண்ணுல இவ்வளவு சென்ட்னு கேக்க முடியும். குத்தம்பாக்கம் ஊராட்சியில இளங்கோ தலைவரா இருந்தப்ப தலித் குடும்பமும் மத்த சாதிக் குடும்பமும் ஒட்டினாப்ல இரட்டை வீடு கட்டினாங்க. அது நடந்த ஊரும் இதே தமிழ்நாட்டுலதான் இருக்கு. ஆனா அங்க பத்து வருஷம் ஒரே தலைவர் பின்னாடியே நின்னார். இங்க தனி அலுவலர்.

சர்வே எண் பார்க்க அடங்கல் (கிராம நிலப் பதிவேடு) நகல் எடுங்க. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட நான் சொல்றேன்னு சொல்லாதீங்க, வேலைக்கு ஆகாது.

---

ஏரிக்கரை | 29 நவம்பர்

ரெண்டு நல்லதும் ஒரு கெட்டதும்.

ஆதார் முகாமை ஏரிக்கரைக்குப் பக்கத்துல இருக்கற பள்ளிக்கூடத்துலயே போட வெச்சோம், ஏழு பேருக்கு எடுத்தாச்சு. ரெண்டு பாட்டிங்களுக்குக் கைரேகை விழலை, மறுபடி போகணும். ரேஷன் கார்டுக்கு மூணு மனு ஏத்தியாச்சு. கல்பனா நாலு நாள் பள்ளிக்கூடம் போனா.

தெற்குத்தெரு அண்ணா தனி மடல் அனுப்பி, செய்யாறுல அவருக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் சென்டர்ல மனு ஏத்தக் காசு வாங்காம செஞ்சு கொடுக்கச் சொன்னார். அவர் சொல்ல வேண்டாம்னார், நான் சொல்லிட்டேன்.

கெட்டது: தீபம் வரைக்கும் இருப்பாங்கன்னு நினைச்சேன். சூளை மேஸ்திரி போன ஞாயித்துக்கிழமையே வந்துட்டார். மூணு குடும்பம் முன்பணம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. கல்பனா வீடும் அதுல ஒண்ணு. எந்த ஊர் சூளைன்னு பாட்டிக்குத் தெரியலை, "ரெட்டில்ஸ் தாண்டி"ன்னு மட்டும் சொல்றாங்க.

கிராம சபையில வைக்கறதுக்காகப் பட்டியலை சரிபார்க்கறப்ப எங்க ஊராட்சி செயலர், "ஊர்ல இல்லாதவங்களை எப்படிம்மா வெக்கறது, எட்டுன்னு மாத்திடுங்க"ங்கறார். கேரளாவுல எடுத்த அந்த 261 மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு. என்ன செய்யட்டும்?

---

பழைய_விபிஆர்சி | 29 நவம்பர்

மாத்தாதீங்க. பதினொண்ணு பதினொண்ணாவே இருக்கட்டும். பேருக்கு எதிர்ல "வேலைக்காக வெளியூர், ஆனி மாசம் திரும்புவர்"னு எழுதி, வாங்கின முன்பணத் தொகையையும் எழுதுங்க. தொகை எழுதிட்டா அது வெறும் இடப்பெயர்ச்சி இல்லைன்னு படிக்கறவங்களுக்குப் புரியும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லருந்து இருக்கு, முன்பணத்துக்காக ஆளை விடாம வெச்சிருந்தா கோட்டாட்சியர் நேராப் போய் விசாரிக்கலாம். சாதிச் சான்றுக்கு எப்படியும் அவரைத்தான் பார்க்கப் போறீங்க, ரெண்டு தாளையும் ஒண்ணா எடுத்துக்கிட்டுப் போங்க.

மேஸ்திரி போன் நம்பர் பாட்டிகிட்ட இருக்கும். அவங்க மறைக்கறாங்க, நீங்க வற்புறுத்தாதீங்க, ரெண்டு நாள் கழிச்சு வேற வேலையாப் போற மாதிரி போங்க. கிடைச்சா எனக்குத் தனி மடல் போடுங்க. ரெட்டில்ஸ், அதான் செங்குன்றம் பக்கம் எங்க பழைய ஆளுங்க ரெண்டு பேர் இருக்காங்க.

---

சித்தூர்க்காரி | 30 நவம்பர்

கல்பனாவோட பள்ளிக்கூட எண் (அந்த எமிஸ் நம்பர்) குறிச்சு வெச்சிருக்கீங்களா? இருந்தா சூளை பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கேட்டுப் பார்க்கலாம்.

---

ஏரிக்கரை | 30 நவம்பர்

இருக்கு. தாள்ல எழுதியிருக்கேன்.